95 கிலோ எடைக்கு 4 அங்குலப் பலகை போதுமா?

உங்கள் எடை 95 கிலோ, 4 அங்குலத் தடிமனில் காற்றடைக்கும் பேடில்போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நடுவில் தொட்டில் மாதிரி தொய்யும், நிற்கவே கால் நடுங்கும். 6 அங்குலத் தடிமன், 32 முதல் 34 அங்குல அகலம், பத்தரை அடிக்குக் குறையாத நீளம் பாருங்கள். எடை வரம்பு 120 கிலோவுக்கு மேல் இருக்கட்டும். கூடக் கொண்டுபோகும் பையின் எடையும் கணக்கில் வரும்.

அப்புறம் காற்று. கையால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி இருக்கிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள் (நானும் அப்படித்தான் ஏமாந்தேன்). பெரும்பாலான பலகைகளுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். கடைசி கொஞ்சம்தான் கையை ஒடிக்கும்.

லீஷ் (பலகையை உங்களோடு இணைக்கும் கயிறு) இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். ஓடும் ஆற்றில் என்றால் காலில் கட்டுவது ஆபத்து. இடுப்பில் கட்டி, இழுத்தவுடன் கழன்றுவிடும் வகை வாங்குங்கள்.