வென்டிலேட்டர் நோயாளி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மேடம், ஐ.சி.யு.வுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இரண்டு மணிக்கு ஒருதரம் சக்‌ஷன் (மூச்சுக்குழாயில் போட்ட டியூப் வழியாகச் சளியை உறிஞ்சுவது) போடச் சொல்கிறார்கள். சளி வராவிட்டாலும் போட வேண்டுமா?

பதில்: இரண்டு மணிக்கு ஒருதரம் பார்க்க வேண்டியது நெஞ்சை. ஸ்டெத்தில் கரகரப்பு, வென்டிலேட்டர் திரையின் ஃப்ளோ கோட்டில் (காற்றோட்ட வரைவு) ரம்பப் பல் போன்ற வடிவம், பீக் பிரஷர் (மூச்சு உள்ளே போகும்போது எட்டும் உச்ச அழுத்தம்) ஏற்றம், டியூபுக்குள் தெரியும் சளி, இதில் ஏதாவது இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வெறும் சக்‌ஷன் புண்ணையும் ரத்தக்கசிவையும்தான் தரும்.

கதீட்டர் (உறிஞ்சு குழாய்) தடிமன் டியூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக்கூடாது: 8 மி.மீ. டியூபுக்கு 12 ஃப்ரெஞ்ச் (கதீட்டர் தடிமனின் அலகு), 7 டியூபுக்கு 10. கைக்குக் கிடைத்தது என்று 7 டியூபில் 14ஐ விட்டால், பக்கவாட்டில் காற்று நுழைய இடமிருக்காது. நுரையீரலில் இருக்கும் காற்றையே உறிஞ்சி, காற்றறைகள் சுருங்கிவிடும். முதலில் 30 முதல் 60 விநாடி 100 சதவீத ஆக்சிஜன். உள்ளே போகும்போது உறிஞ்சக்கூடாது. முட்டியதும் ஒரு செ.மீ. பின்னால் இழுத்து, பிறகு கதீட்டரின் பக்கத்துளையை விரலால் மூடி, உறிஞ்சியபடி வெளியே எடுங்கள். எல்லாம் 15 விநாடிக்குள். அழுத்தம் 80 முதல் 150 மி.மீ. பாதரசம். நாடித்துடிப்பு சட்டென்று இறங்கினால் அந்த நொடியே நிறுத்தி ஆக்சிஜன் கொடுங்கள். டியூபுக்குள் சலைன் (உப்புநீர்) ஊற்றுவது வழக்கமாகச் செய்ய வேண்டியதல்ல.

கேள்வி: கஃப் (டியூபைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைக்கும் காற்றுப் பை) பலூனை விரலால் அமுக்கிப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. விரல் பொய் சொல்லும். மானோமீட்டரில் (அழுத்தமானி) 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தம், ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது. 20க்குக் கீழே போனால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கும். 30ஐத் தாண்டினால் மூச்சுக்குழாய்ச் சவ்வுக்குப் போகும் ரத்தம் குறையும். திருப்பிப் படுக்கவைத்த பிறகும், ஸ்கேனுக்குப் போய் வந்த பிறகும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: ஹை பிரஷர் அலாரம் அடித்தால் முதலில் என்ன?

பதில்: மெஷினை விடுங்கள், ஆளைப் பாருங்கள். நெஞ்சு இரு பக்கமும் ஏறுகிறதா? டியூபைக் கடிக்கிறாரா? மடங்கியிருக்கிறதா? சர்க்யூட்டில் (மெஷின் குழாய்கள்) தண்ணீர் தேங்கியிருக்கிறதா? (அதை காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையருக்குள் திருப்பிவிடாதீர்கள்.) பிறகு மெஷினில் உள்மூச்சின் முடிவில் கணநேரம் நிறுத்தி, பிளாட்டோ (காற்றோட்டம் நின்றபோது நுரையீரலில் உள்ள அழுத்தம்) பாருங்கள். பீக் 42, பிளாட்டோ 22 என்றால் கோளாறு பாதையில்: சளி, மடிப்பு, வீஸிங். இரண்டுமே ஏறியிருந்தால் நுரையீரலில். ஒரு பக்கம் காற்றுச் சத்தமே இல்லாமல் பி.பி.யும் விழுந்தால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று சேர்வது) என்றே நினைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். எக்ஸ்ரேக்குக் காத்திருக்க நேரமில்லை.

கேள்வி (நோயாளியின் மகன்): அப்பாவுக்கு சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). சாச்சுரேஷன் (ரத்த ஆக்சிஜன் சதவீதம்) 90தான் காட்டுகிறது. ஆக்சிஜனைக் கூட்டச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார்.

பதில்: மறுப்பது சரிதான் தம்பி. கரியமிலவாயு தேங்கும் நோயாளிக்கு 88 முதல் 92 வரை போதும். 99க்கு ஏற்றினால் அந்த வாயு இன்னும் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். நீங்களாக ஃப்ளோமீட்டர் குமிழைத் தொடாதீர்கள். அப்பா அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ, நீட்டிய கை படபடவென்று அடித்தாலோ உடனே சொல்லுங்கள்.

கேள்வி: குப்புறப் படுக்கவைத்த நோயாளிக்கு முகமெல்லாம் புண்.

பதில்: 16 மணி நேரம் அப்படியே கிடப்பவர். திருப்புவதற்கு முன்பே நெற்றி, கன்னம், தாடையில் ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை தலையை மறுபக்கம் திருப்புங்கள். அப்போது ஒருவர் டியூபை மட்டுமே பிடித்திருக்கட்டும், உதட்டருகே டியூபின் செ.மீ. குறியைச் சரிபாருங்கள். கண்ணில் ஆயின்ட்மென்ட் போட்டு இமையை மூடி ஒட்டுங்கள். நாக்கு பல்லுக்கு வெளியே நீண்டிருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள். இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்.