5 மாதக் குட்டியை டாக் ஷோவுக்கு எப்படித் தயார்படுத்துவது?

உங்கள் லாப்ரடார் குட்டிக்கு உட்காரவும் கை கொடுக்கவும் தெரியும், அடுத்து என்ன சொல்லித்தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கச் சொல்லிக்கொடுங்கள். தீனியைக் கண்டதும் உட்கார்ந்து பழகிய குட்டி, ரிங்கில், அதாவது போட்டிக் களத்தில், ஜட்ஜ் முன்னாலும் உட்கார்ந்துவிடும். இனிமேல் நாலு காலில் நிற்கும்போது மட்டும் கொடுங்கள்.

நானும் இரண்டு லாப்ரடார்களை ஷோவுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். முதல் நாயோடு மாதக்கணக்கில் ஓட்டமும் நிற்கும் அழகுமே பழகினோம். போட்டி அன்று ஜட்ஜ் பல்லைப் பார்க்கக் குனிந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி முயன்றார், என் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. அதன் மேல் தப்பே இல்லை. அதுவரை என் கையைத் தவிர வேறு கை அதன் வாய்ப் பக்கம் போனதில்லை. அன்று அது பயந்து நின்ற முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அதனால் குட்டியை முதலில் அந்நியர் கைக்குப் பழக்குங்கள். ஜட்ஜ் உதட்டைத் தூக்கி மேல்வரிசையும் கீழ்வரிசையும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்பார். தோள், விலா, முதுகு, தொடை எல்லாம் தடவுவார். ஆண் நாய் என்றால் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், சின்னப் பெண், வயதானவர், யாராக இருந்தாலும் ஆளுக்கு 10 விநாடி போதும், தொட்டதும் தீனி. ஆனால் இப்போது பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற சமயம், ஈறு வலிக்கும். 7 மாதம் வரைக்கும் உதட்டை லேசாக விலக்கிப் பார்ப்பதோடு விட்டுவிடுங்கள். இப்போது வலித்தால், வாய்ப் பக்கம் கை வந்தாலே பிறகு பயப்படும். இரண்டாவது நாயை இப்படித்தான் பழக்கினேன். ஜட்ஜ் கை நீட்டியதும் தாடையை அந்தக் கையில் வைத்துக்கொண்டு வாலை ஆட்டியது!

நிற்கும்போது முன்னங்கால்கள் தோளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பின்னங்காலில் கணுக்கால் மூட்டுக்கு (பின்பக்கம் துருத்தித் தெரிகிற மூட்டு) கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கண்ணாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு நாய் உங்கள் இடப்பக்கம் வரட்டும், லீஷ் தளர்வாக இருக்கட்டும். ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் சேர்ந்து போகிற ட்ராட்தான் தேவை. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து போனால் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் வேகம் கூட்டிக் கிளம்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். நேராகப் போய்த் திரும்புவதையும் முக்கோணமாக ஓடுவதையும் பழகினால் போதும். ஒரு தடவைக்கு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சலித்துப்போகும்.

பல ஷோக்களில் 6 மாதத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். அவசரப்படாதீர்கள். அடுத்த ஷோவுக்குக் குட்டியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய், லாப்ரடார் ரிங் ஓரமாக நின்று ஜட்ஜின் கைகளையே பாருங்கள்.