எந்த ஆப்ல சவுண்ட் நல்லா இருக்கு? சந்தாவை மாத்துறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க

சேலத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார், வயசு 52. வீட்டு ஹால்ல ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் வெச்சிருக்கார், ஆண்ட்ராய்டு போன்ல ஸ்பாட்டிஃபை போட்டு புளூடூத் வழியா ஆம்புக்கு அனுப்பி கேக்குறார். போன மாசம் சம்பந்தி வீட்டுக்குப் போனப்ப அங்க ஐபோன்ல ஆப்பிள் மியூசிக், ஒரு சின்ன டாங்கிள் மாட்டி வயர்ல ஆம்புக்கு கொடுத்திருக்காங்க. அதே பாட்டு அங்க பாடகர் எதிர்ல உக்காந்து பாடுற மாதிரி இருந்துச்சாம், வீட்டுக்கு வந்து கேட்டா பழைய கஞ்சி மாதிரி இருக்காம். "நான் ஆப்பிளுக்கு மாறிடவா, இல்ல 40 ஆயிரம் போட்டு ஒரு ஸ்ட்ரீமர் வாங்கிடவா?"ன்னு கேக்குறார்.

ரெண்டும் இப்ப வேண்டாம் சார். (ஸ்ட்ரீமர்னா நெட்ல இருந்து பாட்டை நேரா எடுத்து ஆம்புக்கு குடுக்கிற பெட்டி.) நீங்க கேட்ட வித்தியாசம் உண்மைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அது ரெண்டு ஆப்புக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம்னு முடிவு பண்ணதுலதான் சிக்கல். அந்த வீட்டுல ஸ்பீக்கர் வேற, ரூம் வேற, கனெக்‌ஷன் வேற, சத்தத்தோட அளவு வேற, அந்தப் பாட்டோட மாஸ்டர்கூட, அதாவது வெளியிடறதுக்காக தயார் பண்ண கடைசி காப்பிகூட, வேறயா இருந்திருக்கலாம். இத்தனையும் ஒரே நேரத்துல மாறியிருக்கறப்ப ஆப் மேல மட்டும் பாராட்டைப் போடுறது சரியில்ல.

முதல்ல சத்தத்தோட அளவு, நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு ரெண்டாவது தடவை ஒரே ஒரு டெசிபல் கூட வெச்சா, கேக்குறவங்க "சத்தம் கூடிருக்கு"ன்னு சொல்ல மாட்டாங்க, "இது தெளிவா இருக்கு, பேஸ் நல்லா வருது"ம்பாங்க. நம்ம காது அப்படித்தான், சத்தம் கம்மியா இருந்தா கீழ் சுருதி சத்தங்களை காது சரியா வாங்காது, கூட்டக் கூட்ட பேஸ் தானா எழுந்து வரும். பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே இதை அளந்து காட்டிட்டாங்க.

இப்ப ஸ்பாட்டிஃபைல ஆடியோ நார்மலைசேஷன்னு ஒண்ணு இருக்கு, நீங்க தொடாம விட்டா அது ஆன்லதான் இருக்கும். எல்லா பாட்டையும் சராசரியா மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ங்கற ஒரு அளவுக்கு கொண்டு வந்து நிறுத்தும் (எல்யூஎஃப்எஸ்னா பாட்டோட சத்தத்தை அளக்கற அலகு, பூஜ்யத்துக்கு கிட்ட வர வர சத்தம் ஜாஸ்தி). இப்ப வர்ற சினிமா பாட்டெல்லாம் நல்லா அமுக்கி சத்தமா மாஸ்டர் பண்ணி வருது, மைனஸ் 8 பக்கம் இருக்கிற ஒரு பாட்டுன்னா அதை ஆப் 6 டெசிபல் கீழ இறக்கிடும். ஆப்பிள்ல இதே வேலைக்கு சவுண்ட் செக்னு பேரு, அது பிடிக்கிற அளவு வேற, அது ஆஃப்ல இருந்தா பாட்டு முழு சத்தத்துல வரும். ஒரு பக்கம் 6 டெசிபல் குறைச்சு வருது, இன்னொரு பக்கம் அப்படியே வருது, இதை வெச்சு எது நல்லா இருக்குன்னு கேட்டா எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வாங்க.

நார்மலைசேஷன் கெட்டதுன்னு நான் சொல்லல, தினமும் கேக்கறதுக்கு ஆன்லயே வெச்சுக்கோங்க, வெறுமனே வால்யூமை இறக்கறதால பாட்டோட தரம் குறையாது. ஆனா அதுல 'லவுட்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு பாருங்க, அதை மட்டும் போடாதீங்க, அது சத்தத்தை ஏத்தறதுக்கு லிமிட்டர் வெச்சு உச்சத்தை எல்லாம் நசுக்கும், மிருதங்கத்தோட அந்த 'தீம்' அடியில இருக்கிற உயிரே போயிடும். ரெண்டு ஆப்பை ஒப்பிட்டுப் பாக்கறப்ப மட்டும் ரெண்டுலயும் இந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. ஈக்வலைசர் எங்கயாவது ஆன்ல கிடக்குதான்னும் பாருங்க, ஆப்ல ஒண்ணு, போன் செட்டிங்ஸ்ல ஒண்ணு, ஆம்ப்ல ஒண்ணுன்னு மூணு இடத்துல ஒளிஞ்சிருக்கும்.

அடுத்தது புளூடூத். உங்க கேஸ்ல உண்மையான குத்தவாளி இதுவா இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பாட்டிஃபை பிரீமியத்துல லாஸ்லெஸ்ஸை, அதாவது எதையும் இழக்காம அனுப்பற சவுண்டை, ஆன் பண்ணாத வரைக்கும் உயர்ந்தபட்சம் 320 கேபிபிஎஸ்ல ஆக் வார்பிஸ் ஃபார்மேட்ல அனுப்புவாங்க, அது சுருக்கின சவுண்ட்தான், ஆனா ரொம்ப நல்லாவே சுருக்கினது. போன் அதைப் பிரிச்சு, உங்க ஆம்புக்கு புளூடூத்ல அனுப்பறதுக்காக திரும்ப ஒரு தடவை சுருக்கும். இப்படி சுருக்கற முறைக்கு கோடெக்னு பேரு, சாதாரண எஸ்பிசி கோடெக்னா அதிகபட்சம் 328 கேபிபிஎஸ், சிக்னல் சரியில்லைனா அதுக்கும் கீழ போகும். ஜெராக்ஸ் எடுத்த பேப்பரை திரும்ப ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரிதான். எல்டேக்ங்கற உயர்ந்த தர கோடெக் இருக்கிற ஆம்ப், போன்னா 990 வரைக்கும் போகும், நிலைமை பரவாயில்ல, ஆனா அதுவும் சுருக்கறதுதான். அதனால மாசம் எவ்வளவு கூட கட்டி லாஸ்லெஸ் பிளான் வாங்கினாலும் கடைசி பத்தடி புளூடூத்ல போச்சுன்னா அந்தக் காசு வழியிலயே கரைஞ்சுடும்.

இதுக்கு மருந்து ரொம்ப சின்னது. உங்க சம்பந்தி வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு யுஎஸ்பி டாங்கிள், அதுக்குள்ள ஒரு டேக் இருக்கும், அதாவது டிஜிட்டலை அனலாக் சிக்னலா மாத்துற சிப், அதுல இருந்து ஆர்சிஏ வயர் ஆம்போட ஆக்ஸ் இன்புட்டுக்கு. ஆப்பிள் விக்கிற டாங்கிளே அளவீட்டுல ரொம்ப சுத்தமா வரும், ஆனா ஆண்ட்ராய்டு போன்ல அதை மாட்டினா சத்தம் கம்மியா வர்ற பிரச்சினை ஒண்ணு உண்டு, அதனால உங்களுக்கு வேற கம்பெனி டாங்கிளா பாருங்க. வயர்ல குடுக்கறப்ப போன் வால்யூமை ஃபுல்லா வெச்சுட்டு ஆம்ப்ல கூட்டி குறைங்க. உங்க ஆம்ப்ல வைஃபை இருந்து ஸ்பாட்டிஃபை கனெக்ட் வசதியும் இருந்தா இன்னும் சுலபம், அப்ப பாட்டை ஆம்பே நேரா நெட்ல இருந்து எடுத்துக்கும், போன் வெறும் ரிமோட் மாதிரிதான்.

இதோட ஆப் செட்டிங்ஸ்ல போய் ஸ்ட்ரீமிங் குவாலிட்டியை பாருங்க. வைஃபைக்கு தனி, மொபைல் டேட்டாவுக்கு தனின்னு இருக்கும், ஆட்டோமேட்டிக்ல கிடந்தா நெட் மந்தமானா சத்தமில்லாம தரத்தை இறக்கிடும். லாஸ்லெஸ்ஸும் தானா வராது, ஆப்பிள் 2021 ஜூன்ல எக்ஸ்ட்ரா காசு இல்லாம அதை குடுக்க ஆரம்பிச்சாங்க, இருந்தாலும் நாமதான் உள்ள போய் ஆன் பண்ணனும். ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பர்ல இருந்துதான் கொண்டு வர ஆரம்பிச்சாங்க, 24 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், எல்லா பிளான்லயும் கிடையாது, உங்க பிளான்ல இருக்கான்னு பாத்துட்டு ஒவ்வொரு சாதனத்துலயும் தனியா ஆன் பண்ணுங்க. டேட்டா கணக்கும் சொல்லிடறேன், 320ல ஒரு மணி நேரம் கேட்டா சுமார் 144 எம்பி, சிடி தர லாஸ்லெஸ்னா 400 எம்பி பக்கம் வரும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன், மாஸ்டர். ஒரே பாட்டு ஒரே ஆப்லயே நாலு ஆல்பத்துல இருக்கும். ஒரிஜினல் ஆல்பத்துல ஒண்ணு, 'காதல் ஹிட்ஸ்' தொகுப்புல ஒண்ணு, ரீமாஸ்டர்னு ஒண்ணு, பாடகர் பேர்ல போட்ட தொகுப்புல ஒண்ணு. 80கள்ல வந்த நம்ம பாட்டுங்கள்ல இது ரொம்பவே ஜாஸ்தி, சிலது நல்ல டேப்ல இருந்து எடுத்தது, சிலது எல்பி ரெக்கார்ட்ல இருந்து எடுத்தது, சிலதை கேட்டா கேசட்ல இருந்து எடுத்திருப்பாங்களோன்னு தோணும். இரைச்சலை எடுக்கறேன்னு சொல்லி வயலின் மேல இருக்கிற மினுமினுப்பையும் சேத்து எடுத்துட்ட காப்பி இருக்கு, சுருதியே லேசா ஏறியோ இறங்கியோ இருக்கிற காப்பிகூட இருக்கு. இந்தக் காப்பிகளுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தை யார் வேணும்னாலும், எந்த ஸ்பீக்கர்ல வேணும்னாலும் கேக்கலாம். மோசமான காப்பியை 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்ங்கற ரொம்ப உயர்ந்த தரத்துல அனுப்பினா அந்த மோசம்தான் துல்லியமா வந்து சேரும், நல்ல காப்பி 320ல வந்தாலே கண்ணு கலங்கும்.

அதனால உங்களுக்கு ரொம்ப பிடிச்ச ஒரு பத்து பாட்டை எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை காப்பி இருக்குன்னு தேடுங்க, ஆல்பம் பக்கத்துக்கு அடியில வருஷமும் லேபிள் பேரும் போட்டிருக்கும், அதைப் பாத்து ஒவ்வொண்ணா கேட்டு நல்லதை பிளேலிஸ்ட்ல சேத்துக்கோங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. இதுல கிடைக்கிற லாபம் எந்த சந்தா மாத்தினாலும் கிடைக்காது. ஆப்பிள்ல இன்னொண்ணு, டால்பி அட்மாஸ், அதாவது சுத்தி வர சத்தம் கேக்குற மாதிரி பண்ண மிக்ஸ், ஆன்ல இருந்தா சில பாட்டுக்கு வேற மிக்ஸே ஓடும். ரெண்டு ஸ்பீக்கர் வெச்சு ஒப்பிடறப்ப அதை ஆஃப் பண்ணிடுங்க, இல்லைனா ரெண்டு வேற சமையலை சாப்ட்டுட்டு அடுப்பை பாராட்டுற கதையாயிடும்.

இதெல்லாம் சரி பண்ணதுக்கு அப்புறமும் லாஸ்லெஸ்ஸுக்கும் 320க்கும் வித்தியாசம் தெரியுதான்னு பாக்கணும்னா, கண்ணைக் கட்டிட்டு கேக்கணும். ஒரே ஆப்ல ஒரே பாட்டு, குவாலிட்டி செட்டிங் மட்டும் மாறணும், மாத்துறது வீட்டுல வேற யாராவது, நீங்க போனை பாக்கவே கூடாது. பத்து பதினஞ்சு செகண்ட் துண்டா கேளுங்க, முழுப் பாட்டை கேட்டுட்டு அடுத்ததைக் கேட்டா முதல்ல கேட்ட சத்தம் மனசுல நிக்காது. ஜால்ரா, கஞ்சிரா, கை தட்டல் மாதிரி சட்டுனு வெடிக்கிற சத்தம் இருக்கிற இடத்தை எடுத்துக்கோங்க, சுருக்கின ஃபைல் தடுமாறினா அங்கதான் தடுமாறும், அடி விழறதுக்கு முன்னாடியே லேசா ஒரு 'ஸ்ஸ்' வரும். 16 தடவை பண்ணி 12 தடவையாவது சரியா சொன்னா உங்க காதுக்கு நிஜமாவே தெரியுதுன்னு எடுத்துக்கலாம், குருட்டாம்போக்குல 12 வர்ற வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கம்மி. 9, 10 வந்தா அது பூவா தலையா போட்ட கணக்குதான்.

ரெண்டு வேற சாதனத்தை ஒப்பிடறீங்கன்னா ரெண்டுலயும் ஒரே 100 ஹெர்ட்ஸ் டோன் ஃபைலை ஓடவிட்டு ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு அளந்து சமன் பண்ணுங்க, ஒண்ணு 2.00 வோல்ட்னா இன்னொண்ணு 2.02க்கு மேல போகக் கூடாது, அதுவே 0.1 டெசிபல்கிட்ட வந்துடும். 100 ஹெர்ட்ஸ் ஏன்னா விலை கம்மியான மீட்டர்ங்க மேல போகப் போக தப்பா காட்டும். புரோப் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு படாம பாத்துக்கோங்க, ஆம்ப் போயிடும்.

ஹை ரெஸ், அதாவது 96, 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் வேணுமான்னு அடுத்து கேப்பீங்க. சிடியோட 16 பிட் 44.1ங்கறது 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தத்தை முழுசா பிடிச்சுடும், 50 வயசு தாண்டின காதுக்கு பெரும்பாலும் 15 கிலோஹெர்ட்ஸ் தாண்டினாலே கஷ்டம். 2007ல பாஸ்டன்ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஹை ரெஸ் டிஸ்க்கை நேராவும் சிடி தரத்துக்கு இறக்கியும் மாத்தி மாத்தி கேக்க வெச்சாங்க, 554 தடவைல 276 தடவைதான் சரி, அதாவது சரிபாதி. 2016ல ரீஸ்ங்கறவர் 18 ஆய்வை ஒண்ணா சேத்து கணக்குப் போட்டப்ப சரியா சொன்னது 52.3 சதவீதம் வந்துச்சு, ஏதோ ஒரு துளி இருக்கு, பயிற்சி எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அந்தத் துளிக்காக நீங்க பணம் செலவு பண்ண வேண்டாம்னுதான் நான் சொல்வேன். டைடல், கோபஸ்னு வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க சொல்லுவாங்க, அவங்க அனுப்பறதும் ஃப்ளாக்ங்கற லாஸ்லெஸ் ஃபைல்தான், மாஸ்டர் ஒண்ணுன்னா காதுக்கு வர்றதும் ஒண்ணுதான்.

அதே அக்கறையை ஹால் மேல காட்டுங்க. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ், நம்ம வீடுங்க எல்லாம் இப்படித்தான், ஒவ்வொரு சத்தமும் நாலு தடவை மோதி வந்து குரலை குழப்பும். ஸ்பீக்கரை ஷோகேஸ் மேல இருந்து இறக்கி ஸ்டாண்ட்ல வெச்சு பின்சுவர்ல இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வைங்க, நடுவுல ஒரு கெட்டி ஜமுக்காளம் விரிங்க, ஜன்னலுக்கு கனமான திரை போடுங்க. சம்பந்தி வீட்டுல நீங்க கேட்டதுல பாதி இதுவாக்கூட இருக்கலாம், அடுத்த தடவை போறப்ப தரையையும் சுவரையும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க.

ஸ்ட்ரீமரைப் பத்தி கேட்டீங்க. வயர் போட்டு, நார்மலைசேஷன் பாத்து, காப்பி தேடி, ஜமுக்காளம் விரிச்சு ஒரு மாசம் கேளுங்க. அப்புறமும் போன் இல்லாம சுலபமா கேக்கணும்னு தோணினா அந்த வசதிக்காக வாங்குங்க, தப்பே இல்ல. ஆனா கடையில காசு குடுக்கறதுக்கு முன்னாடி உங்க சொந்த அக்கவுண்ட்டை அதுல போட்டு பாட்டு ஓட்டிப் பாருங்க, ஏன்னா ஸ்பாட்டிஃபை கிட்டத்தட்ட எல்லாத்துலயும் நேரா வரும், ஆப்பிள் மியூசிக் பல ஸ்ட்ரீமர்ல நேரா வராது, பெரும்பாலும் ஐபோன்ல இருந்து ஏர்ப்ளேங்கற ஆப்பிளோட வைஃபை வசதியிலதான் அனுப்பணும், நீங்க வெச்சிருக்கறது ஆண்ட்ராய்டு போன், அதுல ஏர்ப்ளே கிடையாது.