மர மச்சு போட்ட கூடத்தின் சுவருக்கு நிறம் அடிக்கலாமா, வெள்ளைதான் அடிக்க வேண்டுமா?

தாராளமாக நிறம் அடிக்கலாம்.

தாத்தா காலத்து வீடு, கூடத்தில் தேக்கு உத்திரமும் பலகையும் போட்ட மச்சு, அதைத் தொடாமல் சுவருக்கு மட்டும் நல்ல நிறம் கொடுக்க ஆசை, ஆனால் பெயிண்டரும் வீட்டுப் பெரியவர்களும் "கூடம் இருண்டுவிடும், வெள்ளையே அடி" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. கூடம் 18 அடிக்கு 12 அடி, பலகை வரை உயரம் பத்தரை அடி, கிழக்கே முற்றம், தரை சிவப்பு சிமெண்ட். மூன்று முறை நிறம் மாற்றிய பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெரியவர்கள் சொல்வதில் உள்ள நியாயம். சாதாரண கான்கிரீட் கூரைக்கு வெள்ளை அடித்திருப்போம். விளக்கின் வெளிச்சம் மேலே போய்ப் பட்டுத் திரும்பிக் கீழே விழும். பழைய தேக்குப் பலகையோ தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே அறைக்கு வெளிச்சம் திருப்பித் தருகிற வேலை முழுவதும் சுவர் தலையில் விழுகிறது. இது உண்மை. பழைய வீடுகளைக் கட்டியவர்கள் இதை அறிந்துதான் செய்திருக்கிறார்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் மேலே பர்மா தேக்கு, சுவரிலோ முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய வெண்சுண்ணாம்பு. முற்றத்தில் விழும் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி உள்ளே அனுப்பும் சுவர் அது. நிற ஆசையை ஆத்தங்குடிக் கல்லில், அதாவது தரையில், தீர்த்துக்கொண்டார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் பூமுகத்தின், அதாவது நுழைவு மண்டபத்தின், மரக் கூரையைப் பார்க்கலாம். 90 விதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கும் சுவர் வெள்ளைதான்.

ஆனால் அவர்கள் கையில் இருந்த வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. இன்று கடையில் கிடைக்கும் பளீர் வெள்ளை எமல்ஷன் வேறு பொருள். என் முதல் தவறு அங்கேதான் நடந்தது. பளீர் வெள்ளை அடித்து முடித்த அன்று கூடத்தில் நின்று மேலே பார்த்தேன். தேக்கின் ரேகை ஒன்றுகூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே ஒரு கறுப்பு மூடி கவிழ்த்தது போல இருந்தது. அறையில் எது மிகவும் வெளிச்சமாக இருக்கிறதோ, கண் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சுவர் கண்ணைக் கூசும்போது, மங்கலான மரம் இன்னும் இருண்டு போகிறது. வெள்ளை அடித்தால் மரம் எடுப்பாகத் தெரியும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கூடத்தில் அது பொய்த்துப்போனது.

அடுத்த வருடம் மஞ்சள். மாம்பழ மஞ்சள். மரத்தோடு சேர்ந்து இதமாக இருக்கும் என்று நினைத்தேன். காலையில் முற்றத்து வெயில் விழும்போது அழகாகத்தான் இருந்தது. இரவில் விளக்கைப் போட்டால் சுவர், மச்சு, கதவு, தரை எல்லாம் ஒரே கலவையாக ஆரஞ்சு நிறத்தில் நின்றன. தேக்கே மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த குடும்பம். அதன் பக்கத்தில் அதே குடும்பத்து நிறத்தை வைத்தால் மரம் தனியாகத் தெரியாது.

மூன்றாவது நிறத்தைக் கண்டுபிடித்தது பட்டுப்புடவைக் கடையில். அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போயிருந்தோம். அரக்குக் கரை போட்ட புடவைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துப் போட்டார் கடைக்காரர். மஞ்சள் உடலில் அந்த அரக்கு அடங்கிக் கிடந்தது. மயில்கழுத்து நிற உடலில் அதே அரக்கு எழுந்து நின்றது. எனக்கு அங்கேயே மச்சு ஞாபகம் வந்துவிட்டது. கூடம் என்பது உடல், மரம் அதன் கரை.

இதற்குக் கணக்கும் உண்டு. பாரீஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்த மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளும் என்று அவர் 1839-ல் விரிவாக எழுதினார். நீலப்பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் தேக்கு சற்றுச் சிவந்து, உயிரோடு தெரிவதற்கு இதுதான் காரணம்.

சரி, மயில்கழுத்தை அப்படியே சுவரில் அடிக்கலாமா? வேண்டாம். புடவையில் ஒரு கஜம் பார்த்த நிறத்தை நான்கு சுவரில் பார்த்தால் தாங்காது. ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் விழும், அங்கிருந்து திரும்பி இங்கே விழும். அட்டையில் மெல்லியதாகத் தெரிந்தது அறையில் இரண்டு மடங்கு அழுத்தமாகிவிடும். அதனால் மயில்கழுத்தில் வெள்ளையும் கொஞ்சம் சாம்பலும் கலந்த நிறமாக, பழைய மரப்பெட்டிகளின் உட்புறத்தில் பார்க்கிற வெளிறிய நீலப்பச்சையாகத் தேர்ந்தெடுத்தேன். சில கம்பெனிகளின் நிற அட்டையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு (LRV) என்று ஓர் எண் இருக்கும். சுத்தக் கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100. மர மச்சு உள்ள கூடத்துக்கு 50-க்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து. முற்றமோ பெரிய ஜன்னலோ இல்லையென்றால் 60. இதற்குள் நின்றுகொண்டு எந்த நிறமும் பார்க்கலாம். பாசிப்பச்சையை வெளுத்த நிறம் தேக்கோடு மிக நன்றாக இருக்கும். செங்கல் நிறம் மட்டும், சிவப்புத் தரை உள்ள வீட்டில் வேண்டாம்.

இனி, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகத் தோன்றுவது: நிறத்தைக் கூரை வரை ஏற்றாதீர்கள். எங்கள் கூடத்தில் எட்டரை அடி வரை நிறம். அதற்கு மேலே பலகை வரை இரண்டடிக்குப் பாலாடை வெள்ளை. இந்த வெள்ளைப் பட்டைதான் கூடத்தைக் காப்பாற்றியது. மச்சுக்குப் பக்கத்திலேயே வெளிச்சமான ஒரு பரப்பு இருப்பதால் பலகையின் அடிப்பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது, ரேகை தெரிகிறது. மச்சு தலையில் இறங்காமல் மேலே போனது போலவும் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. பழைய வீட்டில் பலகையும் சுவரும் சேரும் இடம் ஒருபோதும் நேர்கோடாக இருக்காது. அழுத்தமான நிறத்தை அங்கே கொண்டுபோனால் ஒவ்வொரு கோணலும் கண்ணில் குத்தும். வெள்ளையில் அது தெரியாது.

அந்த இடத்தில் பெயிண்டரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையைச் சுற்றிப் பட்டி வைத்து இறுக்கி மூடக்கூடாது. மரம் மக்குவதும் கரையான் ஏறுவதும் பெரும்பாலும் அந்த முனையில்தான் தொடங்கும். காற்றுப் போக வழி இருக்கட்டும். வேலை தொடங்கும் முன்பே ஓர் ஆசாரியை அழைத்து ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான மரத்துக்கும் உள்ளே உளுத்துப்போன மரத்துக்கும் சத்தம் வேறு.

உங்கள் வீட்டில் பலகைக்குப் பதிலாக மெட்ராஸ் டெரஸ் இருந்தால், அதாவது நெருக்கமான தேக்குச் சட்டங்களும் அவற்றின் மேல் குறுக்குச் சாய்வில் செங்குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கலும் இருந்தால், நீங்கள் கொடுத்துவைத்தவர். சட்டங்களை மரமாகவே விட்டு, நடுவில் தெரியும் செங்கலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் இப்படிப் பார்க்கலாம். கூரை பாதி வெளிச்சத்தைத் திருப்பித் தந்துவிடும். பிறகு சுவரில் இன்னும் துணிச்சலாக நிறம் வைக்கலாம்.

நிறத்தை விட எனக்கு அதிகச் செலவு வைத்தது ஓதம். முதலில் அடித்த எமல்ஷன் ஒரே மழைக்காலத்தில் கீழ் மூன்றடிக்கு உப்புப் பூத்து, கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே பிளாஸ்டிக் மாதிரி ஒரு தோலைப் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்தத் தோலையே தள்ளிவிடும். சிமெண்ட் பூச்சு போட்டால் ஓதம் நிற்காது, இன்னும் மேலே ஏறும். நாங்கள் கடைசியில் கீழ்ப்பகுதியைச் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்தே பூசி, நிறம் கலந்த சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறப்பொடிதான் அதற்கு ஆகும். காவி, மஞ்சள் காவி, துணிக்குப் போடும் பழைய நீலப்பொடியில் இருக்கும் அல்ட்ராமரின் நீலம், இரும்பு ஆக்சைடு வகைகள் இவையெல்லாம் நிற்கும். மெல்லியதாக நான்கைந்து கை அடிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது பயமுறுத்தும் அளவுக்கு அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். சாய்ந்தால் சட்டையில் ஒட்டாமல் இருக்க அந்தக் காலத்தில் வச்சிரப் பசை காய்ச்சிச் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். எமல்ஷனின் சமமான தோற்றம் இதில் வராது. மேகம் மேகமாக இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, மரத்தின் ரேகைக்கு அது நல்ல துணை.

மரத்துக்குப் பளபள வார்னிஷ் அடிக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு விளக்கும் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும், மரம் தெரியாது. ஒட்டடையையும் புகையையும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் ரேகை ஓடும் திசையிலேயே 180, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து ஒரு கை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போட வேண்டும். மரத்தின் மேல் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி பறக்கக் கூடாது.

விளக்கு. மேல்நோக்கி எரியும் விளக்கு மர மச்சுக்கு வீண், வெளிச்சத்தை மரம் தின்றுவிடும். சுவரை நனைக்கிற மாதிரி, வெள்ளைப் பட்டைக்குக் கீழே இருந்து சுவரில் விழும் விளக்காகப் போடுங்கள். ஒளியின் நிறத்தைப் பெட்டியில் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. 6500 கெல்வின் டியூப் லைட்டில் தேக்கு சாம்பல் பூசியது போல ஆகிவிடும். 2700-ல் மரம் அழகாக இருக்கும், ஆனால் அந்த விளக்கில் நீல ஒளி குறைவு என்பதால் நீலப்பச்சைச் சுவர் அழுக்காகத் தெரியும். நான் 3000-ல் நின்றேன், நிறங்களைச் சரியாகக் காட்டும் அளவு (CRI) 90-க்கு மேல் இருக்கும் பல்புகளாகப் பார்த்து வாங்கினேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பதரை அடி உயரக் கூரையில் முழுக்க மரப் பலகை அடிக்காதீர்கள். சோபா இருக்கும் பகுதிக்கு மேலே மட்டும், வெளிறிய மரமாக, முடிந்தவரை கூரையோடு ஒட்டி அடியுங்கள். விசிறி இறக்கைக்கும் பலகைக்கும் நடுவில் ஓரடியாவது இல்லையென்றால் காற்று சரியாக வராது.

கடைசியாக, நிறத்தைச் சுவரில் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு மூன்றடி ப்ளைவுட் துண்டுகளில், ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கை அடியுங்கள். ஜன்னல் பக்கம், மூலை, மச்சுக்கு அடியில் என்று ஒரு வாரம் இடம் மாற்றி வையுங்கள். காலை ஏழு மணிக்கும், உச்சி வெயிலிலும், இரவு நீங்கள் போடப்போகும் அதே பல்பின் அடியிலும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து துண்டுகள் இப்படிச் சுற்றி வந்தன. கடையில் எனக்கு மிகவும் பிடித்திருந்த நிறம் இரண்டாம் நாள் இரவே போய்விட்டது. தேர்ந்தெடுத்த துண்டின் பின்பக்கத்தில் நிற எண்ணையும், எமல்ஷனா சுண்ணாம்பா என்பதையும், சுண்ணாம்பென்றால் எத்தனை கிலோவுக்கு எவ்வளவு பொடி என்பதையும் எழுதி வையுங்கள். எங்களுடையது பரணில் இருக்கிறது. போன மழையில் ஒரு மூலை பழுதானபோது அதைப் பார்த்துத்தான் கலந்தோம்.