பிஎச்பியின் ஐஎன்ஐ (அமைப்புக்) கோப்பு யாருடையது? – உபுண்டு, டெபியன் கேள்வி-பதில்

கே: பிஎச்பி ஓட்டினால் 'மாட்யூல் ஆல்ரெடி லோடட்' என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வருகிறது. (அல்சூர்)

ப: எக்ஸ்டென்ஷனை (பிஎச்பிக்குக் கூடுதல் வசதி தருவது) ஏற்றும் வரி இரண்டு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒன்று பிஎச்பி-ஐஎன்ஐ என்ற முதன்மைக் கோப்பில் நீங்களே சேர்த்தது. அதை எடுங்கள்.

கே: எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (ஒயிட்ஃபீல்ட்)

ப: எந்தப் பதிப்பு, சிஎல்ஐயா (கட்டளை வரியில் ஓடும் பிஎச்பி) எஃப்பிஎமா (வலைத்தளத்துக்கு ஓடும் பிஎச்பி), பிழைச்செய்தி என்ன? ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். 'பிஎச்பி மைனஸ் எம்' சிஎல்ஐயை மட்டுமே காட்டும் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

கே: எஃப்பிஎம்மின் கான்ஃப்-டி அடைவில் இருந்த ரெடிஸ் எக்ஸ்டென்ஷனின் ஐஎன்ஐயை 'செட் மைனஸ் ஐ' கட்டளை போட்டுத் திருத்தினேன். அதன்பின் மூலக் கோப்புகள் இருக்கும் மாட்ஸ்-அவைலபிளில் எதை மாற்றினாலும் எஃப்பிஎம்மில் எடுபடவில்லை. (மடிவாளா)

ப: கான்ஃப்-டியில் கை வைக்காதீர்கள். எத்தனை தடவை எழுதினாலும் மாதம் ஒருவராவது வைத்துவிட்டு வருகிறார். அங்கே இருப்பது வெறும் சிம்லிங்க், அதாவது மாட்ஸ்-அவைலபிளில் உள்ள மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பு. 'செட் மைனஸ் ஐ' திருத்தியதைப் புதுக் கோப்பாக எழுதி அதே பெயரில் வைத்துவிடும். லிங்க் அழிந்து தனிக் கோப்பு உட்கார்ந்துகொள்ளும். சிஎல்ஐ மூலக் கோப்பைப் படிக்கும், எஃப்பிஎம் உங்கள் நகலைப் படிக்கும். க்ரான் வேலை ஒழுங்காக ஓடும், வலைத்தளம் மட்டும் சொதப்பும்.

'எல்எஸ் மைனஸ் எல்' போட்டுப் பாருங்கள். வரி 'எல்' என்று தொடங்காமல் கோடாகத் தொடங்கினால் அதுதான் குற்றவாளி. திருத்தத்தை மாட்ஸ்-அவைலபிளுக்கு மாற்றி, அந்தக் கோப்பை அழித்து, எக்ஸ்டென்ஷனை இயக்கி லிங்க் போடும் பிஎச்பிஇன்மாட் கட்டளையைப் பதிப்பு எண்ணோடு ஓட்டி, எஃப்பிஎம்மை ரீலோட் செய்யுங்கள். இன்னும் நல்லது, பேக்கேஜ் தந்த கோப்பைத் தொடாமல் உங்கள் மதிப்புகளை மட்டும் தனி ஐஎன்ஐயில் எழுதி, மேலே 'ப்ரயாரிட்டி=99' என்ற கமெண்ட் வரி போட்டு இன்மாட் செய்வது. கடைசியாகப் படிப்பதே செல்லும். அப்கிரேடின்போது 'உங்களுடையதா, எங்களுடையதா' என்ற கேள்வியும் வராது.

எக்ஸ்டென்ஷனை நிறுத்துவதற்கும் லிங்க்கைக் கையால் அழிக்காதீர்கள். பிஎச்பிடிஸ்மாட் கட்டளைதான் அது நிர்வாகியின் முடிவு என்று பதிந்து வைக்கும்.

கே: எங்கள் இரண்டு பேக்கேஜும் ஒரே ஐஎன்ஐயைத் தருகின்றன. இரண்டாவதை நிறுவும்போது பேக்கேஜ் நிறுவும் கருவியான டிபிகேஜி 'ட்ரையிங் டு ஓவர்ரைட்' என்று நிற்கிறது. (எலக்ட்ரானிக் சிட்டி)

ப: நிற்கத்தான் வேண்டும். ஒரு கோப்புக்கு ஒரு பேக்கேஜ்தான் சொந்தம். கோப்பை 'காமன்' என்று மூன்றாவது பேக்கேஜில் வைத்து, இரண்டும் அதை டிபெண்ட்ஸில் (தேவைப்படும் பேக்கேஜ்களின் பட்டியல்) கேட்கட்டும். இடம் மாற்றும் பதிப்பில் காமனுக்கு ப்ரேக்ஸ் (பழையதோடு ஒத்துப்போகாது), ரிப்ளேசஸ் (பழையதன் கோப்பை எடுத்துக்கொள்ளும்) இரண்டும், கோப்பு நீங்கிய பதிப்பு எண்ணுக்கு முந்தையவை (<<) என்ற வரம்போடு தேவை. ரிப்ளேசஸ் விட்டால் அதே பிழை திரும்பவும் வரும். மேலெழுத வற்புறுத்தும் ஃபோர்ஸ்-ஓவர்ரைட் போட்டுத் தப்பிக்காதீர்கள்.

கே: மைஎஸ்க்யூஎல்ஐ (டேட்டாபேஸ் எக்ஸ்டென்ஷன்) ஐஎன்ஐயைத் தவறுதலாக அழித்தேன். ரீஇன்ஸ்டால் செய்தும் வரவில்லை. 'டிபிகேஜி மைனஸ் எஸ்' (பெரிய எஸ்) போட்டால் சொந்தக்காரரே இல்லை என்கிறது. (பெல்லந்தூர்)

ப: அது யூசிஎஃப் என்ற தனிக் கருவி பார்த்துக்கொள்ளும் கோப்பு, டிபிகேஜி கணக்கில் வராது. காணாமல் போன கோப்பைத் திரும்ப வைக்கும் டிபிகேஜியின் ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்ஸும் இங்கே பலிக்காது. யூசிஎஃப்_ஃபோர்ஸ்_கான்ஃப்எஃப்மிஸ் (எஃப் இரண்டு) மாறிக்கு 1 கொடுத்து ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். மாறியை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுக்குப் பின்னால் எழுதுங்கள். முன்னால் எழுதினால் சூடோ அதை உதறிவிடும்.