கிராம சபையில் கை தூக்கினால் பூங்கா போய்விடுமா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உள்ள லேஅவுட்டில் மனை வாங்கியிருக்கிறோம். வரைபடத்தில் ‘பூங்கா’ என்றுள்ள இடத்தில் சமுதாயக்கூடமும் கடைகளும் கட்ட, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வருகிறதாம். எப்படித் தடுப்பது?

பதில்: தீர்மானம் நிறைவேறினாலும் அதனால் மட்டும் பூங்கா கடையாகிவிடாது. லேஅவுட்டை மாற்றும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இல்லை, நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம்தான் இருக்கிறது. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் சும்மா இருக்காதீர்கள். ‘ஊரே சம்மதம் கொடுத்தாச்சு’ என்று, இடத்தைக் கைமாற்றப் பார்க்கும் புரோக்கர், ஆபீஸ் ஆபீஸாக நீட்டப்போவது அந்தத் தீர்மான நகலைத்தான்.

பலர் கோட்டைவிடுவது ஓட்டு விஷயத்தில். மனை இங்கே, வாக்காளர் அட்டை தாம்பரத்தில் என்றால் நீங்கள் இந்த கிராம சபையின் உறுப்பினர் இல்லை. பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது எதைக் காட்டினாலும் நடக்காது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் பெயர் பட்டியலில் இருந்தால் அவர் கை தூக்கலாம், மனைக்குச் சொந்தக்காரரான நீங்கள் முடியாது. அதனால் பட்டியலில் உள்ள அக்கம்பக்கத்தாரை முன்னே நிறுத்துங்கள். மனைக்காரராக ஆட்சியருக்கும் டிடிசிபி-க்கும் தனியாக மனு கொடுக்க உங்களுக்குத் தடை இல்லை.

கூட்டத்தில் கண் வைக்க வேண்டியது தீர்மான நோட்டில். நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானங்களுக்குக் கீழே நாலு வரி காலியாக விட்டிருந்தால், அங்கே உங்கள் பூங்கா பிறகு எழுதப்படும். பொருள் பட்டியலில் ‘இதர பொருள்கள்’ என்று கடைசியில் வருவதும் அதே வேலைக்குத்தான். காலி இடத்தைக் கோடிட்டு அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். வந்தவர்களையும் எண்ணுங்கள்: ஊராட்சி மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அறுபது பேரை வைத்து நடத்திவிட்டு இருநூறு கையெழுத்துக் காட்டுவதுண்டு.

எதிர்ப்பை வாயால் சொன்னால் காற்றோடு போகும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். ‘தலைவரைக் கேட்கணும்’ என்று இழுத்தால் அன்றே டெலிவரி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்.

கூட்டத்துக்கு முன்பே, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுவில் மூன்றைக் கேளுங்கள்: லேஅவுட் வரைபடம், அப்ரூவல் நிபந்தனைகள், பூங்கா இடத்தை ஊராட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். சட்டப்படி பதிலுக்கு 30 நாள்; ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று எழுதவே அதையும் தாண்டுவார்கள். வில்லங்கச் சான்று போடும்போது உட்பிரிவுக்கு முந்தைய பழைய சர்வே எண்ணிலும் தேடுங்கள், புதிய எண்ணில் மட்டும் பார்த்தால் பழைய பத்திரம் சிக்காது. ‘தானப் பத்திரமே போடலை, இடம் இன்னும் ஓனருதுதான்’ என்று புரோக்கர் சொன்னால், அப்ரூவல் வரைபடத்தை எடுத்துக் காட்டுங்கள். விற்பதற்கென்று அதில் காட்டியது மனைகளை மட்டும்தான்.

அப்படியும் தீர்மானம் போட்டுவிட்டால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் அதை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் நாளில் எதிர்ப்பு மனு நகல், பதிவேட்டுப் படம், வரைபடம் மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். மனு எண் கைக்கு வராமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.