மரமின் அல்ல, மரத்தின். 24 அல்ல, 26

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘மரமின் கிளை’, ‘வீடின் கதவு’ என்று எழுதுகிறாள். 2, 5, 10, 17 என்ற வரிசையில் அடுத்தது 24 என்கிறாள். இரண்டையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. உடைமையைக் காட்ட ‘இன்’ சேர வேண்டும் என்று தெரியும். சேரும்போது சொல்லின் கடைசிப் பகுதி மாறும் என்பதுதான் பிடிபடவில்லை. அதனால் இலக்கணப் பெயர்களை இப்போதைக்கு விட்டுவிட்டு, கடைசி எழுத்தைப் பார்க்கப் பழக்குங்கள்.

‘ம்’ என்று முடியும் பெயர்களில் அது போய் ‘த்து’ வரும்: மரத்தின், படத்தின். டு, று என்று முடிந்தால் இரட்டிக்கும்: வீட்டின், ஆற்றின், கிணற்றின். ஆனால் அதற்கு முன்பே ஒரு மெய்யெழுத்து இருந்தால் இரட்டிக்காது: வண்டின், கன்றின். ‘உடைய’ சேர்த்தாலும் இதே கதைதான்: வீட்டினுடைய.

பசு, காசு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இரண்டும் ‘சு’வில்தான் முடிகின்றன. ஆனால் பசுவின், காசின். பசுவில் ‘சு’வுக்கு முன் இருப்பது ஒற்றைக் குறில், அதனால் உகரம் முழுதாக ஒலித்து அப்படியே நிற்கிறது, நடுவில் ‘வ்’ வருகிறது. காசில் முன்னே நெடில் இருப்பதால் உகரம் குறுகி, ‘இன்’ வந்ததும் ஓடிவிடுகிறது. கல், கால் சோடியும் இப்படித்தான்: கல்லின், காலின்.

நான், நீ, நாம் போன்றவற்றுக்கு விதி தேடவே வேண்டாம். என், உன், நம் என்று மனப்பாடம் செய்வதே வழி. ‘எனது’ என்பதை மரபிலக்கணம் ஒருமை அஃறிணைக்கு மட்டுமே தருகிறது: எனது வீடு சரி, எனது நண்பர்கள் சரியில்லை. இன்று பலரும் அப்படி எழுதுகிறார்கள் என்றாலும், ‘என்’ எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிள்ளைக்கு அதுவே போதும்.

சரி, இனி எண்கள். 24 எப்படி வந்தது? 10-க்கும் 17-க்கும் இடையே 7. அதையே இன்னொரு முறை கூட்டியிருக்கிறாள். கடைசி வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எல்லா இடைவெளிகளையும் எண்களுக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்: 3, 5, 7. அடுத்தது 9 என்று அவளே சொல்லிவிடுவாள்; 17 + 9 = 26. இடைவெளியில் ஒழுங்கு தெரியாவிட்டால் பெருக்கிப் பார்க்கலாம்: 2, 6, 18, 54 என்பதில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல மூன்று மடங்கு. அதுவும் இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒன்று பாருங்கள். 5, 20, 7, 18, 9, 16 என்பதில் இரண்டு வரிசைகள் பின்னிக் கிடக்கின்றன, அடுத்தது 11.

எந்த விதியைக் கண்டுபிடித்தாலும் முதல் எண்ணிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 1, 2, 4 என்று மூன்றே எண்களைக் கொடுத்தால் அடுத்தது 8 என்றும் சொல்லலாம், 7 என்றும் சொல்லலாம். அப்படி வந்தால் அவளுடைய விடையைத் தப்பென்று அடித்துவிடாமல், என்ன விதி என்று முதலில் கேளுங்கள்.